பட்டாணி வண்டியில் போன மேடம்

போன மாதம் ஒரு காலை வேளையில் மேல் மாடிப் பெண் எங்கள் வீட்டு மணியை அடித்தாள். ஒரு கையில் ஈரத் துண்டில் சுற்றிய பூனை, இன்னொரு கையில் கைபேசி. பூனைக்கு ஏதோ சரியில்லை, டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்று கைபேசியைக் கேட்டிருக்கிறாள். அது இவளை வரிசையாகக் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் எதற்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறது. தும்மினாலும் அதையேதான் சொல்லுகிறது ஆன்ட்டி, எதை நம்புவது என்று புரியவில்லை என்றாள். அலுவலகத்துக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது அவளுக்கு.

எனக்கு மிருக வைத்தியம் ஒன்றும் தெரியாது. வங்கியில் வேலை, வீட்டில் ஒரு மீன் தொட்டிகூடக் கிடையாது. ஆனாலும் என்னை அறியாமல் கேட்டேன், பூனை எங்கே படுத்திருந்தது என்று. துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் என்றாள். அங்கே அது போகவே போகாதாம். உடனே கிளம்பு என்று சொல்லிவிட்டேன். தையல் நூலை முழ நீளத்துக்கு விழுங்கி வைத்திருந்ததாம். எடுத்துவிட்டார்கள்; பூனை இப்போது சௌக்கியமாக எங்கள் பால்கனிக்கு வந்து புறாக்களை மிரட்டுகிறது.

எப்படித் தெரிந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். ஏதோ தோன்றியது என்று மழுப்பினேன். உண்மை என்னவென்றால், அன்று பூனையும் ஈரத் துண்டுமாக வாசலில் கலந்து நின்ற அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அது நேராக டெல்லி சரோஜினி நகரில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தாழ்வாரத்தில் போய் நிற்கும். அங்கே அம்மா குந்தி உட்கார்ந்திருப்பாள். அவளிடமிருந்துதான் அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சரோஜினி நகர் என்றால் இப்போது எல்லோருக்கும் துணிக்கடைகள்தான் ஞாபகம் வருகின்றன. தொண்ணூறுகளில் எங்களுக்கு அது முதலில் வீடு, அப்புறம்தான் பஜார். அப்பா ஒரு மந்திரி அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு சின்னத் தாழ்வாரம், அதற்கும் பின்னால் எல்லோருக்கும் பொதுவான புல்வெளி. குளிர்காலத்தில் மொத்தக் காலனியும் அந்தப் புல்வெளிக்குக் குடிபெயர்ந்துவிடும். கயிற்றுக் கட்டில்கள் வெளியே வரும். வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். ஆரஞ்சுத் தோலும் வேர்க்கடலைத் தோலும் காலடியில் குவியும். பக்கத்து வீட்டு கன்னா ஆன்ட்டி ஒரே குளிர்காலத்தில் நாலு ஸ்வெட்டர் முடிப்பார். என் அம்மா இரண்டு வருஷமாக ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள். கடைசியில் அது தம்பிக்குச் சின்னதாகிப் போய், டெலிவிஷன் மேல் போர்த்துகிற துணியாயிற்று.

மேடம் ஒரு மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது. பழுப்பு நிறத் தெருநாய், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். தாழ்வாரத்தில் கோணிப் பையின் மேல் படுத்தது, மழை நின்ற பிறகும் எழுந்து போகவில்லை. மதியம்வரை வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதையும், யார் வந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பதையும் கவனித்த அப்பா, தன்னுடைய மேலதிகாரி அம்மாளும் இப்படித்தான் என்று சொல்லி மேடம் என்று பெயர் வைத்தார். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும், மேடம் கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

தம்பி பாபு அதனோடு இந்தியில்தான் பேசுவான். அவனுக்கு எங்களோடு பேசும்போதே பாதிக்கு மேல் இந்தி. அம்மாவுக்கு நேர்மாறு. மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து இத்தனை வருஷமாகியும் அவளுடைய இந்தியில் பெண்பால் என்று ஒன்று கிடையாது. கன்னா ஆன்ட்டியும் அவளுக்கு ஆண்பால்தான். மேடத்தோடு அவள் எந்த மொழியிலும் பேசியதில்லை. தொட்டதும் இல்லை. மீந்த சாதத்தில் பாலை ஊற்றித் தட்டை எட்ட நின்று தள்ளிவிடுவாள். எங்களிடம் பேசும்போது அவளுக்கு அது 'அது'தான். "அது சாப்டுச்சா?" என்று கேட்பாள். அவ்வளவே அவர்கள் உறவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது. எல்லாவற்றையும் நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிற வயது.

ஆனால் மேடம் உண்டாகியிருப்பதை முதலில் சொன்னவள் அம்மாதான். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல், அது மாசமா இருக்கு என்றாள். எங்களுக்கு வயிறு தெரிவதற்கு எவ்வளவோ முன்னால். எப்படித் தெரியும் என்று கேட்டேன். இப்போதெல்லாம் படியில் இறங்குவதற்கு முன் கொஞ்சம் நின்று யோசிக்கிறது என்றாள். நானும் தினமும்தான் பார்க்கிறேன் அந்த நாயை. அது படியில் நின்று யோசித்ததை நான் பார்த்ததே இல்லை.

சரியாகக் குடியரசு தினத்தன்று மேடத்துக்கு வலி எடுத்தது.

டெல்லிக்காரர்களுக்கு அந்த நாள் எப்படி என்று தெரியும். பாதி ஊரை அடைத்துவிடுவார்கள். பஸ் ஓடாது, ஆட்டோ கிடைக்காது. எல்லோரும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் காலை நுழைத்துக்கொண்டு டெலிவிஷனில் அணிவகுப்பைப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அது விரதம் மாதிரி. குளித்து, ஸ்வெட்டர் மாட்டி, குரங்குக் குல்லாய் போட்டு, காபியோடு உட்கார்ந்தால் தமிழ்நாட்டு அலங்கார ஊர்தி வந்து போகும்வரை எழுந்திருக்கமாட்டார்.

காலையில் பால் வாங்கியபோதே மேடம் சாப்பிடவில்லை. கோணிப் பையைப் பிறாண்டிப் பிறாண்டி ஒரு மூலையில் குவித்தது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது, நடுங்கியது. பாபுவுக்கும் எனக்கும் பதற்றம். அம்மா சமையலறை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, அது தன் வேலையைப் பார்க்கிறது, நீங்கள் பக்கத்தில் போய் நின்று தொந்தரவு பண்ணாதீர்கள் என்றாள். அவள் குக்கரில் பருப்பை வைத்த சமயத்தில் மேடம் பக்கவாட்டில் சாய்ந்து முக்க ஆரம்பித்தது. வயிறு கல்லாக இறுகி, பிறகு தளர்வது தூரத்திலிருந்தே தெரிந்தது. சத்தம் மட்டும் கிடையாது. ஒரு முனகல்கூட இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. உடம்புக்குள் அவ்வளவு பெரிய காரியம் நடந்துகொண்டிருக்க, அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாம்பார் ஆயிற்று, ரசம் ஆயிற்று. குட்டி வரவில்லை. கோணியில் மட்டும் ஒரு ஈரம், பாசி மாதிரிக் கரும்பச்சையாக. ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அம்மா ஜன்னலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். கன்னா ஆன்ட்டி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, அப்னே ஆப் ஹோ ஜாயேகா பெஹன்ஜி, தன்னால் ஆகிவிடும் என்றார். நாய்களுக்கு யார் பிரசவம் பார்த்தார்கள்? பாருங்கள், இப்போது எவ்வளவு அமைதியாகிவிட்டது, வலி குறைந்துவிட்டது என்றும் சொன்னார். உண்மைதான். மேடம் முக்குவதை நிறுத்தியிருந்தது. நீளமாகப் படுத்திருந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் விமானங்கள் போயின.

அணிவகுப்பு முடியும்போது போர் விமானங்கள் கூட்டமாகப் பறக்குமே, அவற்றில் சில எங்கள் காலனிக்கு மேலே திரும்பிப் போகும். ஒத்திகை நடந்த நாளெல்லாம் அந்தச் சத்தம் கேட்டாலே மேடம் தாழ்வாரத்திலிருந்து பாய்ந்து வந்து அப்பாவின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். தீபாவளி முழுக்க அது அங்கேதான் இருந்தது. அன்றைக்கு விமானங்கள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும்படி போயின. பாபு புல்வெளிக்கு ஓடினான். மேடத்தின் காது அசையவில்லை. மடங்காத அந்த ஒரு காது, எப்போதும் எதையாவது கேட்டபடி திரும்பிக்கொண்டேயிருக்கும் காது, அப்படியே இருந்தது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பிறகு, நான் அதுவரை பார்த்திராதபடி, அதன் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அவள் எதற்கோ காத்திருந்தாள். உள்ளேயிருந்து வாசலுக்கு வந்த அப்பாவும் காபி டம்ளரோடு அப்படியே நின்றார். கைக்கு அடியில் ஒரு வலி வந்தது போலிருக்கிறது. மிக மெல்லியதாக, சும்மா ஒரு சுருக்கம். உடனே போய்விட்டது. அம்மா இன்னொரு கையால் அதன் மடங்கிய காதை நிமிர்த்திப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள்.

"என்னங்க, கெளம்புங்க," என்றாள். "இது ஓய்வு எடுக்கலை. இதால முடியலை."

அப்பா வழக்கமான அப்பாவாகத்தான் பேசினார். இன்னைக்கு லீவு, ஆஸ்பத்திரி இருக்குமோ இருக்காதோ, எதில் போவது, நாய்தானே, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அம்மா அவரோடு வாதாடவில்லை. முன்பக்கம் போய்த் தெருவைப் பார்த்தாள். ராம்லால் தன் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தான். ஜனவரியில் அவன் வண்டியில் பச்சைப் பட்டாணி மலைபோல் குவிந்திருக்கும். 'மட்டர்' என்று அவன் இழுக்கிற இழுப்பில் பள்ளிக்கூட மணி மாதிரி ஒரு ரீங்காரம் இருக்கும். அம்மா அவனைக் கூப்பிட்டு, நாயைக் காட்டி, வண்டியைக் காட்டி, மோதி பாக் என்றாள். கால்நடை மருத்துவமனை அங்கேதான் இருந்தது. வேறு ஒரு வார்த்தையும் சொன்னதாக ஞாபகமில்லை. ராம்லால் கொஞ்சம் தலையைச் சொறிந்தான். அப்புறம் பட்டாணியை ஒரு பக்கமாக ஒதுக்கி, காலிஃபிளவர்களை எங்கள் வாசலில் இறக்கி வைத்து, அடியிலிருந்த சாக்கை எடுத்து விரித்தான்.

அப்படித்தான் போனோம். காலியான தெருவில் பட்டாணி வண்டி. அதில் மேடம், கோணியோடு. முன்னால் ராம்லால், பின்னால் குரங்குக் குல்லாயோடு மத்திய அரசு ஊழியரான என் அப்பா வண்டியைத் தள்ளுகிறார். பக்கவாட்டில் பாபுவும் நானும். பக்கத்து வீடுகளிலிருந்து டெலிவிஷனில் தேசபக்திப் பாட்டு கேட்டபடியே வந்தது. யாராவது பார்த்தால் எங்களையும் ஒரு அலங்கார ஊர்தி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், பள்ளித் தோழிகள் இருக்கிற தெருவெல்லாம் தாண்டித்தான் போனோம். வெட்கமே இல்லை. ஏனென்றால் அம்மா வழி நெடுக ஒரு கையை மேடத்தின் வயிற்றிலிருந்து எடுக்கவேயில்லை. ஸ்வெட்டருக்கு மேல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியின் வேகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். ரிங் ரோடைக் கடக்கும்போது, வந்த ஒரே ஒரு காரை, இன்னொரு கையைத் தூக்கி நிறுத்தினாள். கார் நின்றது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பஜாரில் பேரம் பேச வெட்கப்பட்டு என்னைத் தள்ளிவிடுகிற அம்மா இவள்தானா என்றிருந்தது.

கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர் மட்டும் இருந்தார். வெயிலில் நாற்காலி போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து பார்த்தார். முதல் பிரசவம் என்றால் நேரமாகும், பயப்படாதீர்கள், அமைதியாகத்தானே இருக்கிறது, ருகியே, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்றார். டாக்டர் காலையில் வந்துவிட்டுப் போயாயிற்று, லீவு நாளில்லையா.

ருகியே என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தமிழில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அன்னிக்கும் இதேதான் சொன்னாங்க. நான் பேசாம இருந்துட்டேன்."

அப்பாவின் முகம் மாறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா கம்பவுண்டர் பக்கம் திரும்பினாள். "நஹி ருகேகா," என்றாள். "டாக்டர் கிதர் ரஹ்தா? புலாவோ. ருகேகா தோ மர் ஜாயேகா." பொறுக்க முடியாது, டாக்டர் எங்கே, கூப்பிடு, பொறுத்தால் செத்துவிடும் என்று அர்த்தம். இலக்கணமில்லாத, எல்லாமே ஆண்பாலான அந்த இந்தியை அவ்வளவு தெளிவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. கம்பவுண்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டுப் பின்பக்கத்துக் குடியிருப்பை நோக்கி வேகமாகப் போனார்.

வந்தது ஒரு இளம் பெண் டாக்டர். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றியிருந்தார். கோபமாகத்தான் வந்தார். கோணியில் இருந்த பச்சை ஈரத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டார். அம்மாவுக்குக் கடிகாரக் கணக்கு வராது. பால் வந்தபோது நடுக்கம், குக்கர் வைத்தபோது முக்கல், ரசம் கொதித்தபோது இந்தப் பச்சை, அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தபோது வலி தளர்ந்தது என்று தன் சமையலை வைத்துச் சொன்னாள். அதை நான் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். குட்டி வராமல் பச்சையாகக் கசிந்தாலே உள்ளே ஏதோ தவறிவிட்டது என்று அர்த்தம், முக்கி முக்கி ஒன்றும் வராவிட்டால் அரை மணிக்கு மேல் காத்திருக்கக் கூடாது, வலி நிற்பதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், சாயங்காலம் கொண்டுவருகிறார்கள், அப்போது நான் செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே கையுறையைப் போட்டார். தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றார். அம்மா உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ராம்லால் பாபுவுக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்து அவனைப் பேச்சில் இழுத்துக்கொண்டிருந்தான். அப்பா குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். எனக்கும் பாபுவுக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்ததாம். இதே ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். அம்மா டெல்லிக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, என்னை ஊரில் பெற்றுத் தூக்கிக்கொண்டு வந்தவள். இந்தி ஒரு வார்த்தை வராது. வலி வந்து, வந்து, நின்றுவிட்டது. உள்ளே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நர்ஸ் கன்னத்தைத் தட்டி ருகோ, ருகோ என்றிருக்கிறாள். அப்பா வராந்தாவில் நின்றிருக்கிறார். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள்.

"வெளியில நின்னு நானும் பொறுன்னுதான் சொல்லி அனுப்பிச்சேன்," என்றார் அப்பா. "எனக்கு என்னம்மா தெரியும்."

பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சாத்தியிருந்த அந்தக் கதவைப் பார்த்தபடி இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, சுத்தமான துணி வேண்டும் என்றார். என் கழுத்திலிருந்த மஃப்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே நான் பார்த்ததைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டு வந்தேன். மேடம் மேஜையில் கிடந்தது. அம்மா அதன் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். தொட்டால் குளிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த என் அம்மா. அதன் காதில் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான், என் ராசாத்தி." குறுக்கே சிக்கியிருந்த முதல் குட்டியை டாக்டர் விரல்களாலேயே திருப்பி எடுத்துவிட்டிருந்தார். அது உயிரோடில்லை. ஒரு தட்டில் காகிதத்தால் மூடி வைத்திருந்தார்கள். ஊசி போட்டதும் இரண்டாவது வழுக்கிக்கொண்டு வந்தது. அதுவும் அசையவில்லை. டாக்டர் அதன் வாயைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி எடுத்துவிட்டு, என் மஃப்ளரில் வைத்து அம்மாவின் கையில் கொடுத்தார். ரகடோ, தேயுங்கள் என்றார்.

அம்மா தேய்த்தாள். உள்ளங்கையளவு ஈர உருண்டை. அதன் முதுகை, மார்பை, நிறுத்தாமல், அவசரப்படாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் அடுத்த குட்டியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அம்மா குனிந்து அதன் முகத்தில் லேசாக ஊதினாள். மறுபடி தேய்த்தாள். அப்புறம் அந்த உருண்டையின் நடுவில் ஏதோ இழுபட்டது. வாய் திறந்தது. கதவு கீல் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன், எனக்கும் ஒரு மகன் பிறந்தான். ஆனால் இல்லாத ஒன்று இருப்பதாக ஆவதை, என் கண்ணெதிரே, என் பழைய மஃப்ளருக்குள், அன்றுதான் பார்த்தேன். அம்மா அழுதாளா என்று கேட்பீர்கள். இல்லை. குட்டியை மேடத்தின் மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். அதுவரை செத்ததுபோல் கிடந்த மேடம் கழுத்தைத் தூக்கி அதை நக்கியது.

உயிரோடிருந்த மூன்று குட்டிகளோடு அதே வண்டியில் திரும்பினோம். மேடம் நக்கிய பட்டாணி போக மிச்சத்தை ராம்லால் அலசிக் காலனியிலேயே விற்றுத் தீர்த்தான். யாரிடமும் சொல்லிவிடாதே என்று அப்பா அவனைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் கன்னா ஆன்ட்டி ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பஞ்சீரி கொண்டுவந்தார். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பாதாமும் முந்திரியும் உலர்திராட்சையும் போட்டுச் செய்வது, அவர்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். மேடத்துக்கு என்று கொடுத்தார். திராட்சையெல்லாம் கிடக்கிறது, நாய்க்கு இது ஆகாது என்று அம்மா அதற்குக் கஞ்சியும் பாலும் வைத்தாள். பஞ்சீரியை நாங்கள் சாப்பிட்டோம். அன்று இரவு படுக்கப் போகும்போது அம்மா, "மேடம் சாப்டுச்சா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு காலனியில் யார் வீட்டு மிருகத்துக்கு என்ன வந்தாலும் மதராஸி பெஹன்ஜியைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த காரியம். அவள் மருந்து ஒன்றும் சொல்லமாட்டாள். வந்து பார்ப்பாள், போ என்பாள் அல்லது இருக்கட்டும் என்பாள். மேடம் புல்லைத் தின்று வாந்தி எடுத்தபோது, பயந்துபோயிருந்த அப்பா உடனே ஆட்டோ கூப்பிடப் போனார். அவருக்கு அந்த நாளுக்குப் பிறகு மேடம் தும்மினாலே டாக்டர்தான். அம்மா அவரை உட்கார வைத்தாள். வாந்தி எடுத்துவிட்டு அது அணிலைத் துரத்துகிறது பாருங்கள், துரத்தாமல் நின்றால் சொல்லுங்கள் என்றாள். அவள் பார்ப்பது அதுதான் என்று மெல்ல எனக்குப் புரிந்தது. நோயை அல்ல, அந்தப் பிராணி தினமும் என்ன செய்யுமோ அதைப் பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்புகிறதா, தன் இடத்தில் படுத்திருக்கிறதா, தனக்குப் பிடிக்காத பூனையைப் பார்த்தால் இன்னும் முறைக்கிறதா. கன்னா ஆன்ட்டியின் தங்கை ஒரு கிளியைக் கூண்டோடு கொண்டுவந்தார். உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தது. அம்மா உடனே போகச் சொன்னாள். போனார்கள், ஆனால் அது பிழைக்கவில்லை. பறவைகள் கடைசிவரை காட்டிக்கொள்ளாது என்று அந்த டாக்டர் சொன்னாராம். அம்மாவுக்கு அது ரொம்ப நாள் மனதை அறுத்தது. சொல்லத்தான் செய்திருக்கும், நமக்கு அந்தப் பாஷை தெரியவில்லை என்றாள்.

மேடம் நிறைய வருஷம் இருந்தது. மெட்ரோவுக்காக ஊரெல்லாம் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் வயதாகி, தன் கோணியிலேயே, தூக்கத்தில் போனது. அன்று டாக்டரிடம் போக வேண்டாம் என்றதும் அம்மாதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஜனக்புரிக்குப் போனார்கள். இப்போது அந்த குவார்ட்டர்ஸே இல்லை. வரிசை வரிசையாக இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்புகிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். தகரத் தடுப்புக்கு உள்ளே ஒரு பள்ளம் இருந்தது. அதில் எது நம் தாழ்வாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கன்னா ஆன்ட்டி அமிர்தசரஸ் பக்கம் மகனோடு போனதாகக் கேள்வி.

அப்பா போய், அவருக்குப் பின்னால் அம்மாவும் போய்விட்டாள். அவள் ஜனக்புரியில் இருந்தபோது வாரத்துக்கு ஒருமுறை போவேன். கதவைத் திறந்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், தலை வலிக்குதா, உள்ள போயிப் படு என்பாள். சில நாள், என்னடி, ஆபீசில் என்ன நடந்துச்சு என்பாள். நான் ஒன்றுமே சொல்லியிருக்கமாட்டேன். சில சமயம் எனக்கே தெரிந்திருக்காது, அவள் கேட்ட பிறகுதான் ஆமாம், வலிக்கிறது என்று தெரியும்.

இப்போது எனக்கு என்ன செய்கிறது என்று நானேதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.